வராத நோயாளியைத் தேடும் வைத்தியம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வு நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் காலத்தில் பேசுவதற்கு எத்தனையோ பொருள்கள் உண்டு. கோயில் எழுந்த கதையைச் சொல்லலாம். பள்ளிக்கூடம் வளர்ந்த வரலாற்றைச் சொல்லலாம். விழாக் குழுவினர் நமக்குத் தந்த தலைப்போ சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும். 'இதில் சாமியாருக்கு என்ன வேலை?' என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். குருமடத்தில் நமக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். இரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு பாடமும் கற்பிக்கவில்லை. ஆயினும் இந்த இரு நோய்களையும் நாம் அறிந்திருக்கிறோம். ஐந்து ஆண்டுகளாக நாமே இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்டு வருகிறோம் என்பது ஒரு காரணம். நோயில்பூசுதல் வழங்க இரவிலும் பகலிலும் அழைக்கப்பட்டுச் செல்லும் வீடுகளில் நாம் காண்பது பெரும்பாலும் பக்கவாதம், மாரடைப்பு, கெட்டுப்போன சிறுநீரகம், ஆறாத கால்புண் என்பது மற்றொரு காரணம். இந்த நான்கிற்கும் வேர் தேடினால் அநேகமாக இந்த இரண்டு நோய்களில்தான் போய் முடியும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறோம். அதில் நம்முடைய குற்றமும் உண்டு.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் பாதுகாவலர் திருவிழாவின்போது கோயில் வளாகத்தில் இலவச மருத்துவ முகாம் ஒன்றை நடத்தினோம். பந்தல் போட்டோம், ஒலிபெருக்கி கட்டினோம், வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தோம். இருநூறு பேருக்கு மேல் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்பட்டது. திருப்பலி முடிவில் நாமே அந்த எண்ணிக்கையைப் பெருமையோடு அறிவித்தோம். மக்களும் கை தட்டினார்கள். அந்த முகாமில் எங்கள் உபதேசியாருக்கு 180/110 என்று சீட்டில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டும்படி அடியில் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அவருக்குத் தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, செய்த வேலை ஒன்றும் நிற்கவில்லை. ஒருமுறை நிலையத்துக்குப் போனார். பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். அது தீர்ந்த பின் மறுபடி போகவில்லை. அவர் வரவில்லை என்பதை நிலையத்தில் இருந்தவர்கள் அறியவில்லை. காலையும் மாலையும் அவரோடு ஒரே கூரையின்கீழ் நின்ற நாமும் அறியவில்லை.

பதினோராம் மாதம் ஒருநாள் விடியற்காலையில் கோயில் மணி அடிக்கவில்லை. ஆளனுப்பிப் பார்த்தபோது வாய் கோணி, வலக்கை விழுந்து, பாயில் கிடந்தார். உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் முப்பது ஆண்டுகள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த நாவு பிறகு திருந்தவே இல்லை. அவருடைய பாட்டுப் புத்தகத்தினுள் அந்த முகாம் சீட்டு நான்காய் மடித்தபடி இருந்தது. அவர் மனைவி அதை நம்மிடம் கொண்டுவந்து நீட்டி, "சாமி, இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்கு யாரும் சொல்லலையே" என்றார். நம்மிடம் பதில் இல்லை. சீட்டு எழுதிக் கொடுத்தோம், ஆளை விட்டுவிட்டோம். அதுதான் நாம் செய்தது.

அன்றுமுதல் மருத்துவ முகாமின் கூட்டத்தைக் கண்டு மகிழும் வழக்கத்தை விட்டுவிட்டோம். நோயைக் கண்டுபிடிப்பது முதல் படி மட்டுமே. மீதிப் படிகள் பன்னிரண்டு மாதமும், அதற்குப் பின் ஆயுள் முழுவதும் இருக்கின்றன.

இது ஒரு உபதேசியாரின் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளிவந்த பேராய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது; வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கு இதைவிட நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டியது. அதில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் அழுத்தமும் 17.6 சதவீதம் பேருக்கு நீரிழிவும் காணப்பட்டன. அவ்வாறு நோயுற்றவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதத்தினர், சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதத்தினர். நூறு கொதிப்புக்காரர்களை வரிசையாக நிறுத்தினால் தொண்ணூறு பேருக்கு மேல் உபதேசியாரின் நிலையில் இருந்தார்கள் என்று பொருள். அதன்பின் இந்த விகிதம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை; ஆனால் பாதியை இன்னும் எட்டவில்லை.

மருந்து இல்லாமலா இப்படி? இல்லை. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. பிற மாநிலத்தார் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது. இரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபினும் சர்க்கரைக்கான மெட்பார்மினும் விலை மலிந்த பழைய மாத்திரைகள். மேலும், இந்நோய்களின் பெரும்பகுதியை எம்.பி.பி.எஸ். படித்த மருத்துவரும் பயிற்சி பெற்ற செவிலியருமே பார்த்துவிட முடியும். பின் எங்கே தவறுகிறது?

நம் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்கிறோம். மேடையிலுள்ள டாக்டர் அவர்கள் திருத்துவார்களாக. நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் காய்ச்சலுக்கும் பேதிக்கும் காயத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பழகியவை. 1978-இல் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரத்தைப் பற்றி அறிக்கை செய்தபோதும் ஏழை நாடுகளின் முதல் கவலை தாயும் சேயும் தொற்றுநோயும்தான். காய்ச்சல்காரர் வருகிறார், மருந்து வாங்குகிறார், குணமாகிப் போய்விடுகிறார். அவர் திரும்பி வராவிட்டால் நல்ல செய்தி. சர்க்கரைக்காரரும் கொதிப்புக்காரரும் திரும்பி வராவிட்டால் அது கெட்ட செய்தி. இந்த ஒரு வேற்றுமையை நிலையத்தின் அன்றாட வேலைமுறை உணர்ந்துகொண்டால் பாதி காரியம் முடிந்தது என்பது நம் எண்ணம்.

இதற்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கிராமச் செவிலியரையே பாருங்கள். ஒரு குழந்தை தடுப்பூசி நாளுக்கு வரவில்லையென்றால் அவர் பதிவேட்டைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்து, மணலில் நடந்து, வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கர்ப்பிணிப் பெண் மாதப் பரிசோதனைக்கு வராவிட்டால் தாய்வீட்டுக்குப் போனாளா, எந்த ஊர், எந்தத் தெரு என்றுகூட விசாரித்து வைத்திருக்கிறார். ஆகவேதான் தடுப்பூசியிலும் பிள்ளைப்பேற்றிலும் தமிழ்நாடு நல்ல பேர் எடுத்திருக்கிறது. அதே பதிவேடு, அதே நடை, அதே கேள்வி, ஐம்பது வயது மீனவனுக்கும் உப்பளத்துப் பெண்ணுக்கும் ஏன் இருக்கக்கூடாது? 'இன்று எத்தனை பேர் வந்தார்கள்?' என்று எண்ணுவது சுலபம். 'இந்த மாதம் வரவேண்டியவர்களில் வராதவர் யார்?' என்று எண்ணுவதே வைத்தியம். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப் போனவரின் உவமையை இங்கே நாம் விரிக்கப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

இப்படிச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி அவர்கள், சிறுநீரகம் கெட்டபின் வந்து நிற்கும் ஏழைகளுக்குச் செய்யத் தக்கது அதிகமில்லை என்று கண்டு, கெடாமல் காப்பதற்காகச் சென்னையை அடுத்த கிராமங்களில் ஓர் அறக்கட்டளையின் வழியாக வேலை தொடங்கினார். உள்ளூரில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடுவீடாகச் சென்று அழுத்தம் பார்த்தார்கள். பழைய பெனடிக்ட் கரைசலைக் கொண்டு சிறுநீரில் சர்க்கரை பார்த்தார்கள். நோய் கண்டவர்களுக்கு மருத்துவர் கொடுத்தவை மிக மலிவான மருந்துகள். அந்த ஏற்பாட்டில் அழுத்தம் கண்டவர்களுள் 96 சதவீதம் பேருக்கு அது 140/90-க்குக் கீழே வந்தது. நீரிழிவுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. 7.3 எங்கே, 96 எங்கே! மருந்தில் அல்ல வித்தியாசம். வீட்டு வாசலில் மாதந்தோறும் வந்து நின்ற அந்தப் பெண்ணில்தான்.

அரசாங்கமும் இதை உணர்ந்திருக்கிறது. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, பஞ்சாப், கேரளம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது. எல்லா நிலையத்துக்கும் ஒரே சிகிச்சை முறை, தட்டாமல் மருந்து, நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, தவணைக்கு வராதவருக்குத் தொலைபேசி அழைப்பு ஆகியவை அதன் அங்கங்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் விருதும் அதற்குக் கிடைத்தது. நடக்க இயலாத நம் முதியோர் பலர் அதனால் நன்மை அடைகிறார்கள். எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாத்திரை வாசலுக்கு வந்தால் மட்டும் போதாது. அன்று பார்த்த எண் கூடியிருந்தால் அந்தச் செய்தி டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும். போன மாதத்து மாத்திரையே மறுமாதமும் கேள்வியின்றி வந்துகொண்டிருந்தால், அது தபால் பட்டுவாடா ஆகிவிடும்.

இங்கேதான் நாம் அடிக்கடி காணும் ஒரு குறை. வீடு சந்திக்கப் போகும்போது பலர் தங்கள் நோட்டைக் காட்டுவார்கள். 160, அடியில் 'அதையே தொடரவும்'. அடுத்த மாதம் 164, 'அதையே தொடரவும்'. அதற்கடுத்த மாதம் 158, மீண்டும் அதுவே. எந்த ஊர், எந்த நிலையம் என்று நாம் சொல்லப் போவதில்லை. வெளிநோயாளிகள் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒரு டாக்டர் என்ன செய்வார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் எண் குறையாவிட்டால் மாத்திரையைக் கூட்டவோ இரண்டாவது மாத்திரை சேர்க்கவோ வேண்டும் என்பதுதான் சிகிச்சை முறை. நோயாளியாகிய நீங்களும் வாய்திறந்து, "டாக்டர், இன்னும் 140-க்குக் கீழே வரவில்லையே" என்று மரியாதையாகக் கேட்கலாம். அதில் குற்றமில்லை. அதற்கு முதலில் உங்கள் எண் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எண்ணும் சரியான எண்ணாக இருக்க வேண்டும். பேருந்தை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்தவரின் கையில் நின்றவாக்கிலேயே பட்டையைச் சுற்றி, "வீட்டில் எல்லாரும் சுகமா?" என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் வரும் எண் அவருடையதன்று. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும்; சிறுநீர் கழித்திருக்க வேண்டும்; கை மார்பு மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும்; பேசக்கூடாது; இருமுறை பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத கொதிப்பும் இருப்பதாகக் காட்டும். இதற்குத் தேவை ஒரு முதுகுள்ள நாற்காலியும் சிறிது அமைதியும். நம் பங்கு மன்றத்தில் நாற்காலிகள் சும்மாத்தானே கிடக்கின்றன.

இரண்டு நோயையும் ஒரே அமர்வில் பார்ப்பது அவசியம். திங்கள் சர்க்கரைக்கு, வியாழன் அழுத்தத்துக்கு என்று ஏழையை இருமுறை அலையவைத்தால் ஒன்றுக்கு வருவார், மற்றதை விடுவார். பிரித்தானியாவில் நடந்து 1998-இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், சர்க்கரைக்காரர்களின் இரத்த அழுத்தத்தை இறுக்கிக் கட்டுப்படுத்தியபோது பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்காரர் சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே அமர்வில் கால்களையும் பார்க்க வேண்டும். நாம் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கும் மக்கள். உணர்ச்சி மரத்த காலில் சிப்பி ஓடு குத்தினாலும் தெரியாது. தெரியும்போது விரல் கறுத்திருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆண்டுக்கொருமுறை கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்தாக வேண்டும்.

இனி நம் கடற்கரைக்கே உரிய சங்கடங்கள். நிலையம் காலையில் நடக்கிறது. நம் ஆண்களோ அந்நேரம் கடலில் இருக்கிறார்கள். கரை சேர்ந்து மீனை ஏலம் விட்டு முடிக்கும்போது மருந்து கொடுக்கும் சாளரம் அடைத்துவிடும். நிலையத்தின் பிழையுமல்ல, மீனவனின் பிழையுமல்ல. இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை. பத்து நாள் மாத்திரை என்றால் மாதத்துக்கு மூன்று நாள் தொழிலை இழக்க வேண்டும், யார் இழப்பார்? ஆகவே நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மாத்திரை தரவேண்டும் என்பது நம் தாழ்மையான விண்ணப்பம். மற்றொன்று, கிளிபென்கிளமைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நடுக்கடலுக்குப் போவது ஆபத்து. சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பும். வள்ளத்தில் உடன் இருப்பவர்கள் குடிமயக்கம் என்று எண்ணிவிடக்கூடும். என்ன தொழில் செய்கிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லவேண்டும். தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போருக்கும் இதையே சொல்வோம். நோயுற்றவர்களைத் திருச்சபை உண்ணாநோன்பால் கட்டாயப்படுத்துவதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது பக்தியாகாது.

மாத்திரையை நிறுத்துவோர் சொல்லும் காரணங்களை நாம் நிரம்பக் கேட்டிருக்கிறோம். "ரொம்ப நாள் தின்னால் கிட்னி போயிரும் சாமி" என்பது அவற்றுள் தலையானது. உண்மை நேர்மாறானது. அடங்காத கொதிப்பும் அடங்காத சர்க்கரையும்தான் சிறுநீரகத்தை அரிக்கின்றன. ஐம்பது பேர் மாத்திரை தின்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நோயின் முதிர்ச்சியால் சிறுநீரகம் கெடுகிறது. பார்ப்பவர்கள் பழியை மாத்திரைமேல் போடுகிறார்கள். நாமும் தவறியவர்தாம். முதல் ஆண்டில் எண் 130-க்கு வந்ததும், குணமாகிவிட்டது என்று எண்ணி இரண்டு மாதம் விட்டுவிட்டோம். மறுபடி பார்த்தபோது 170. மருந்தகத்துச் சகோதரி, "ஃபாதர், உங்கள் பிரசங்கத்தை நீங்களே கேட்பதில்லையா?" என்று கேட்டார். எண் இறங்கியது மாத்திரை இருந்ததால். நோய் போனதால் அல்ல.

உணவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் போதும் என்கிறார்கள். கருவாடும் ஊறுகாயும் நித்திய உணவாகிவிட்ட நம் ஊரில் அது கடினமே, குறைக்கத் தொடங்கலாம். புகையை விடுங்கள், மதுவை விடுங்கள், நடங்கள். பொன்விழா விருந்தில் இலட்டு ஒன்றுதான் என்று சமையல் குழுவுக்கு நாம் சொன்னதற்குச் சிலர் வருத்தப்பட்டதாகக் கேள்வி. இருக்கட்டும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். நம் பங்கில் குடும்பப் பதிவேடு இருக்கிறது. எந்த வீடு ஊர்வரி கட்டவில்லை என்பதைக் கணக்குப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எந்த வீட்டில் மாத்திரை நின்றுபோயிற்று என்பதைச் சொல்ல ஆளில்லை. இந்தப் பொன்விழா ஆண்டில் அதற்கு ஒரு வழி செய்ய எண்ணி மருத்துவ அலுவலர் அவர்களிடம் பேசினோம், அன்போடு இசைந்தார்கள். வருகிற மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தோறும் பிற்பகல் நான்கு மணிக்கு, தொழில் முடிந்து நீங்கள் குளித்துச் சாப்பிட்டபின், நம் பங்கு மன்றத்தில் செவிலியர் இருப்பார். அழுத்தமும் சர்க்கரையும் காலும் ஒன்றாகப் பார்க்கப்படும். மாதத்தின் முதல் செவ்வாயன்று டாக்டர் அவர்களும் வருவார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெண்கள் முன்வந்து பெயர் கொடுத்திருக்கிறார்கள். வராதவர் பட்டியல் செவிலியரிடமும் அந்தத் தெருப் பெண்களிடமும் மட்டுமே இருக்கும். கோயிலில் பெயர் வாசிக்க மாட்டோம். திண்ணையில் பேசவும் விடமாட்டோம். புதன்கிழமை காலை யாராவது உங்கள் வாசலில் வந்து, "நேத்து வரலையே அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்காமல் போனதால்தான் நம் உபதேசியார் விழுந்தார்.

முதல் செவ்வாய்க்கு வரும்போது வீட்டில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம், பாதி தீர்ந்த அட்டைகளையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பழைய நோட்டு, முகாம் சீட்டு எதையும் வீசிவிட வேண்டாம். முப்பது வயதைக் கடந்தவர்கள், இதுவரை ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்களும் வரலாம். நாற்காலிகளை வாலிபர் சங்கத்தார் மூன்றரை மணிக்கே போட்டுவிடுவார்கள். நாமும் நம் நோட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் இருப்போம்.